கற்றல் தொழில்நுட்பத்துக்கு ஐரோப்பா கொடுத்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது?

கணினியின் துணையோடு கற்பது, கற்பிப்பது பற்றிய ஆராய்ச்சிக்கு ஐரோப்பாவின் பொதுப்பணம் போகத் தொடங்கி 35 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதில் பெரும்பகுதியை ஐரோப்பிய ஆணையத்தின் (பிரஸ்ஸல்ஸில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) கல்வித் துறை கொடுக்கவில்லை. கணினி, தொலைத்தொடர்பு, தகவல் சமூகம் என்று காலத்துக்கேற்பப் பெயர் மாற்றிக்கொண்ட வேறொரு துறைதான் கொடுத்தது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், அங்கே நடந்த பலவற்றுக்கும் காரணம் புரிந்துவிடும். நல்ல ஆய்வுகள் ஏன் வந்தன, அவற்றில் பல ஏன் வகுப்பறைக்குப் போய்ச் சேரவில்லை என்ற இரண்டுக்கும் இதில்தான் பதில் இருக்கிறது.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1992இல் மாஸ்ட்ரிக்ட்டில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் பள்ளிக் கல்வியை ஒன்றியத்தின் வேலைகளில் ஒன்றாக முதலில் சேர்த்தது. சேர்த்த கையோடு கட்டுப்பாடும் போட்டது. எதைக் கற்பிப்பது, பள்ளிகளை எப்படி நடத்துவது என்பதெல்லாம் உறுப்பு நாடுகளின் பொறுப்பு. ஒன்றியம் ஊக்கம் தரலாம், நாடுகளுக்கிடையே ஒத்துழைப்புக்கு உதவலாம். ஆனால் அவற்றின் கல்விச் சட்டங்களை ஒரே மாதிரியாக்க முயலக் கூடாது. இன்றைய ஒப்பந்தத்தில் 165ஆம் பிரிவாக இருப்பது இதுதான். கல்வி யார் கையில் இருக்க வேண்டும் என்ற சண்டையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இது நமக்குப் புரியாத விஷயமில்லை.

ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு தடை இல்லை. 1986இல் கையெழுத்தான ஒற்றை ஐரோப்பியச் சட்டம் அதற்கான அதிகாரத்தைத் தெளிவாகவே கொடுத்தது. ஐரோப்பியத் தொழில்துறையின் அறிவியல், தொழில்நுட்ப அடித்தளத்தை வலுப்படுத்துவதும், உலகச் சந்தையில் அது போட்டி போட உதவுவதும்தான் அங்கே சொல்லப்பட்ட நோக்கம். ஆக, பள்ளிக்கூடத்தின் முன்வாசல் பூட்டியிருந்தது, தொழில்துறை வழியாகப் போகும் பக்கவாசல் திறந்திருந்தது. பணம் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

முதலில் வந்தது 'டெல்டா'. 1988 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழு ஒப்புதல் தந்த இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் 2 கோடி எக்கு (யூரோ வருவதற்கு முன் கணக்குக்காக வைத்திருந்த பண அலகு). 'தொழில்நுட்ப முன்னேற்றத்தின் வழியே ஐரோப்பியக் கற்றலை வளர்ப்பது' என்பதுதான் அதன் முழுப்பெயரின் பொருள். முதலில் தேடிப் பார்ப்போம் என்ற அளவில் தொடங்கிய திட்டம் அது. அப்புறம் 1990களில், ஐந்தாண்டை ஒட்டிப் புதுப்பிக்கப்படும் 'கட்டமைப்புத் திட்டங்கள்' என்ற பெரிய ஆராய்ச்சி நிதிக்குள் இந்தத் துறைக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அந்தக் காலத்துத் திட்டங்களில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 'அரியாட்னே' 1996இல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான், பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகங்கள் அதில் முக்கியமானவை. அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை சின்னதாகத் தெரியும். ஓர் ஆசிரியர் உருவாக்கிய பாடப்பொருளை இன்னொரு நாட்டு ஆசிரியர் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பார்? நூலகத்தில் புத்தகத்துக்கு ஓர் அட்டை உண்டு, அதில் பெயர், ஆசிரியர், ஆண்டு இருக்கும். பாடப்பொருளுக்கு அது போதாது. எந்த வயதுக்கு, எவ்வளவு நேரம் பிடிக்கும், எவ்வளவு கடினம், செய்து பார்ப்பதா படிப்பதா, யாருக்கு உரிமை என்பதெல்லாம் வேண்டும். அந்த விவரங்களை எப்படி எழுதி வைப்பது என்று அரியாட்னேக்காரர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். அமெரிக்கப் பக்கம் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களோடு சேர்ந்தார்கள். 2002இல் அது உலகத் தர நிர்ணயமாக வெளிவந்தது. லூவெனின் எரிக் டுவால் அதில் முன்னணியில் இருந்தவர், 2016இல் காலமானார். பாடப்பொருள் களஞ்சியங்கள் பலவற்றின் அடியில் இன்றும் இருப்பது அந்த வரையறையோ அதன் வாரிசோதான். பயன்படுத்தும் ஆசிரியர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

2000 மார்ச்சில் லிஸ்பனில் கூடிய தலைவர்கள், 2001 முடிவதற்குள் ஒன்றியத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் இணையம் வந்துவிட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கல்வித் துறையும் தன் பங்குக்கு 2004 முதல் 2006 வரை 4.4 கோடி யூரோவில் ஒரு மின்கற்றல் திட்டத்தை நடத்தியது. அதிலிருந்து பிறந்த 'இ-ட்வின்னிங்', அதாவது இரண்டு நாட்டு வகுப்புகள் இணையம் வழியே சேர்ந்து ஒரு வேலையைச் செய்வது, இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லாத எளிய யோசனை அது. நீண்ட காலம் ஓடியதும் அதுதான். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, கொஞ்சம் குத்தலாகத்தான் விழுகிறது.

ஆராய்ச்சிப் பக்கம் 2002க்குப் பிறகு சூடு பிடித்தது. ஆறாவது கட்டமைப்புத் திட்டத்தில் தொழில்நுட்பவழிக் கற்றலுக்கு அதன் பெயரிலேயே தனி இலக்கு வந்தது. லக்சம்பர்க்கில் இருந்த ஆணையத்தின் ஒரு பிரிவு அதைக் கவனித்தது. அருங்காட்சியகம், நூலகம் போன்ற பண்பாட்டுச் செல்வங்களை மின்மயமாக்குவதும் பிறகு அதே மேசைக்கு வந்து சேர்ந்தது. இரண்டும் 'உள்ளடக்கம்' என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. இந்தக் காலத்தில் 'மேன்மை வலையமைப்பு' என்றொரு வகை நிதி புதிதாக வந்தது. கருவி செய்யச் சொல்லி அல்ல, சிதறிக் கிடக்கும் ஆய்வாளர்களை ஒரே சமூகமாக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். பிரான்ஸின் கிரெனோபிளில் இருந்து நிக்கோலா பாலாஷெஃப் நடத்திய 'கலைடோஸ்கோப்', ஜெர்மனியின் ஹனோவரில் இருந்து வொல்ஃப்காங் நெய்டெல் நடத்திய 'ப்ரோலெர்ன்' இரண்டும் 2004இல் தொடங்கின. ஏழாவது திட்டத்தில் 'ஸ்டெல்லார்' அந்த வேலையைத் தொடர்ந்தது.

இந்த வலையமைப்புகளைப் பற்றிக் கேலி பேசுவது எளிது. கூட்டம் போட்டார்கள், கோடைப்பள்ளி நடத்தினார்கள், அறிக்கை எழுதினார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2006இல் கிரீட் தீவில் தொடங்கிய அவர்களின் ஆண்டு மாநாடு நிதி நின்ற பிறகும் நடக்கிறது. அன்று கோடைப்பள்ளிக்கு முனைவர் பட்ட மாணவர்களாக வந்தவர்கள் இன்று பேராசிரியர்கள். ஐரோப்பா இந்தத் துறையில் வாங்கியதில் மிக நீடித்த சரக்கு மனிதர்கள்தான் என்பது என் கணிப்பு.

சரி, இந்தப் பணம் ஒரு குழுவுக்கு எப்படிக் கிடைக்கிறது? ஆணையம் ஒரு வேலைத் திட்டத்தை வெளியிடும். அதில் இந்த ஆண்டு எந்தத் தலைப்பு, எவ்வளவு பணம் என்று இருக்கும். குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று அமைப்புகள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். நடைமுறையில் பத்து, பதினைந்து பேர் சேருவார்கள். ஒரு பல்கலைக்கழகம் தலைமை தாங்கும். மென்பொருள் நிறுவனம் ஒன்று, மதிப்பீடு செய்ய ஒரு கல்வியியல் துறை, 'பரப்புரை'க்கு ஓர் அமைப்பு, சோதித்துப் பார்க்கச் சில பள்ளிகள் என்று மற்றவர்கள் வருவார்கள். தெற்கிலிருந்து ஒன்று, கிழக்கிலிருந்து ஒன்று என்று வரைபடமும் பார்க்கப்படும், அது எழுதாத விதி. முன்மொழிவை வெளி நிபுணர்கள் படித்து, ஆய்வின் தரம், விளைவு, செயல்படுத்தும் முறை என மூன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். ஒவ்வொன்றிலும் 3, மொத்தம் 15க்கு 10 வந்தால்தான் பரிசீலனை. ஆனால் 10 வாங்கியவருக்குப் பணம் கிடைத்துவிடாது. எட்டாவது கட்டமைப்புத் திட்டமான 'ஹொரைசன் 2020' (2014 முதல் 2020 வரை) காலத்தில், எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால், விண்ணப்பித்த எட்டில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைத்தது.

கிடைத்துவிட்டால் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். வேலை 'வொர்க் பேக்கேஜ்' என்ற பகுதிகளாகப் பிரியும். எந்த மாதம் என்ன 'டெலிவரபிள்' (முடித்து ஒப்படைக்க வேண்டிய அறிக்கையோ கருவியோ) தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். இடையே ஆய்வுக் கூட்டங்கள் நடக்கும். இதில் ஆசிரியர் எங்கே வருகிறார் என்று பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் அவர் கடைசி ஆண்டின் 'பைலட்' சோதனையில் வருகிறார். அதாவது, கருவி செய்து முடித்த பிறகு. அவர் பழகி, குறை சொல்லி, அதைச் சரிசெய்து தரும் நேரத்தில் திட்டக் காலம் முடிந்திருக்கும். பொறியாளரின் ஒப்பந்தம் முடிந்திருக்கும். இன்னும் கொஞ்ச நாளில் இணைய முகவரியும் காலாவதியாகும்.

விதிவிலக்குகளும் உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் டோன் டி யோங் தலைமையில் 2012இல் தொடங்கிய 'கோ-லேப்' அப்படி ஒன்று. பள்ளியில் வாங்க முடியாத ஆய்வகங்களை இணையம் வழியே பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவது அதன் நோக்கம். ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் தரவைப் பார்க்கலாம், தொலைதூரத்துத் தொலைநோக்கியை இயக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு 'ஸ்ப்ளாஷ்' என்ற மிதத்தல் ஆய்வகம் இருந்தது. ஒரு பொருளின் நிறை, கனஅளவு இரண்டையும் நீங்களே வைத்து, அதைத் திரவக் குழாயில் போட்டு, மூழ்குகிறதா மிதக்கிறதா என்று பார்க்கலாம்.

விளையாட்டாகத் தெரிவதற்குள் நல்ல ஆராய்ச்சி இருந்தது. கணினியில் ஒரு மாதிரியைக் கொடுத்து, 'நீயே கண்டுபிடி' என்று விட்டுவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் எதையும் கண்டுபிடிப்பதில்லை. எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாமல் எண்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். டி யோங்கும் சகாக்களும் 1990களிலிருந்தே இதை எழுதி வந்தார்கள். அதனால் கோ-லேப்பில் ஆய்வகத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். அதில் 'என்றால்', 'அப்போது', 'நிறை', 'கூடும்', 'மூழ்கும்' போன்ற சொற்கள் துண்டு துண்டாகக் கிடக்கும். பிள்ளை அவற்றை இழுத்து அடுக்கித் தன் கருதுகோளை வாக்கியமாக்கிவிட்டுத்தான் சோதனைக்குப் போகும். பார்த்த பிறகு, தான் முன்னால் சொன்னது சரியா என்று திரும்பி வந்து ஒப்பிடும். இந்த வரிசையை ஆசிரியரே தன் பாடத்துக்கேற்ப மாற்றி அமைக்கலாம். கோ-லேப் 2016இல் முடிந்தது. பிறகு 'நெக்ஸ்ட்-லேப்', ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கான 'கோ-கா' என்று பெயர் மாற்றி மாற்றி நிதி வாங்கித்தான் அது தாக்குப்பிடித்தது. ஒரே வேலையைத் தொடர்வதற்கு ஒவ்வொரு முறையும் புது வேலை போலக் காட்டி விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சி நிதிக்குப் புதுமைதான் வேண்டும், பராமரிப்புக்கு அதில் தலைப்பே கிடையாது.

பக்கவாசல் வழியாக வந்ததன் விலை இதுதான். கருவி செய்யும் பணம் ஒரு கையில் இருக்கிறது, கருவி வாங்கும் பணம் இன்னொரு கையில் இருக்கிறது. வாங்குபவர் நாட்டுக்கு நாடு வேறு. ஓரிடத்தில் அமைச்சகம், ஓரிடத்தில் மாநில அரசு, ஸ்காண்டிநேவியாவில் நகராட்சி, நெதர்லாந்தில் பள்ளி நிர்வாகக் குழு. இவர்களில் யாரும் பிரஸ்ஸல்ஸ் திட்டத்தின் இறுதி அறிக்கையைப் படித்துவிட்டு மென்பொருள் வாங்குவதில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. ஐரோப்பிய வகுப்புகள் பெரும்பாலும் நடந்தது கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜூம் ஆகியவற்றிலும், ஆஸ்திரேலியாவில் பிறந்த மூடுல் என்ற திறமூல மென்பொருளிலும்தான். 2022இல் டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகளில் குரோம்புக் மடிக்கணினியையும் கூகுளின் கல்விச் சேவையையும் நிறுத்தச் சொன்னது. பிள்ளைகளின் தகவல் எங்கே போகிறது என்பதை நகராட்சி சரியாக மதிப்பிடவில்லை என்பது காரணம். தடை வந்ததும், அவற்றுக்கு மாற்றாக எதை வைத்து வகுப்பு நடத்துவது என்ற கேள்வி உடனே எழுந்தது. 1988 முதல் நிதி கொடுத்து வந்த ஒன்றியத்தின் கையில் அதற்கு எடுத்துக் கொடுக்கத் தயாராக ஒன்றும் இல்லை.

இந்த இடைவெளியை ஐரோப்பிய ஆணையம் கவனிக்காமல் இல்லை. வாங்குபவரையும் மேசைக்குக் கொண்டுவர இரண்டு விதமாக முயன்றது. ஒன்று 'ஐடெக்' (2010 முதல் 2014 வரை). பல நாட்டுக் கல்வி அமைச்சகங்கள் சேர்ந்து 1997இல் உருவாக்கிய 'ஐரோப்பியப் பள்ளி வலையமைப்பு' இதை நடத்தியது. 94.5 லட்சம் யூரோ நிதி, 26 பங்காளிகள், அதில் 14 கல்வி அமைச்சகங்கள், 20 நாடுகளில் 2,500க்கும் மேற்பட்ட வகுப்பறைகள். இங்கே ஆராய்ந்தது கருவியை அல்ல, பாடம் நடக்கும் விதத்தை. அதனால்தான் இதன் கையேடுகளும், 2012இல் பிரஸ்ஸல்ஸில் திறந்த மாதிரி வகுப்பறையும் திட்டம் முடிந்த பிறகும் புழக்கத்தில் இருந்தன.

இன்னொரு வழி, சந்தைக்கு வருமுன் கொள்முதல். வாங்கப்போகும் நகராட்சிகளே சேர்ந்து, எங்களுக்கு இன்ன கருவி வேண்டும் என்று அறிவிக்கும். நிறுவனங்கள் போட்டியிடும். முதல் சுற்றில் வடிவமைப்பு, அடுத்து முன்மாதிரி, பிறகு பள்ளியில் சோதனை என்று ஒவ்வொரு சுற்றிலும் சிலரைக் கழித்துவிடுவார்கள். 2014இல் தொடங்கிய 'இமைல்' திட்டத்தில் ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாட், ஜெர்மனியின் மாக்டபுர்க், ஸ்பெயினின் விலடெகான்ஸ் போன்ற ஊர்கள் இப்படி அறிவியல், கணிதப் பாடங்களுக்குக் கருவி செய்யச் சொன்னார்கள். முறை நல்ல முறை. அளவுதான் சிறியது.

உறுப்பு நாடுகளுக்குள்ளேயும் இதே பூட்டுகள் உண்டு. ஜெர்மனியில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் உரிமை, பெர்லினில் உள்ள மத்திய அரசு அதில் கை வைக்க முடியாது. பள்ளிகளுக்குக் கணினி வசதி செய்ய 500 கோடி யூரோ தருகிறேன் என்று மத்திய அரசு சொன்னபோது, அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டி வந்தது. 2018 டிசம்பரில் 16 மாநிலங்களும் முதல் வரைவை நிராகரித்தன. பணத்தோடு சேர்ந்து அதிகாரமும் போய்விடும் என்பது அவர்களின் பயம். சமரசக் குழு கூடிப் பேசி, 2019 மே மாதம்தான் 'டிஜிட்டல்பாக்ட்' நடைமுறைக்கு வந்தது.

பிரிட்டன் வேறு கதை. அங்கே இரண்டு ஆராய்ச்சிக் கவுன்சில்கள் சேர்ந்து 2007 முதல் 2012 வரை 1.2 கோடி பவுண்டில் தொழில்நுட்பவழிக் கற்றலுக்கென்றே ஒரு திட்டம் நடத்தின. பள்ளிகளுக்குக் கணினி விஷயத்தில் வழிகாட்ட 1998இல் அமைத்த 'பெக்டா' என்ற அரசு நிறுவனமும் இருந்தது. 2010இல் ஆட்சி மாறிய சில நாட்களிலேயே செலவுக் குறைப்பு என்று அதை மூடுவதாக அறிவித்தார்கள். ஆய்வு முடிவுகள் வரத் தொடங்கிய நேரத்தில், அவற்றைப் பள்ளிகளுக்கு எடுத்துச் செல்லும் அமைப்பு இல்லாமல் போனது. அடுத்த ஆண்டே 12.5 கோடி பவுண்டு அரசு மானியத்தோடு ஒரு கல்வி அறக்கட்டளை வந்தது. அதன் கவனம் வேறு: எந்த முறை உண்மையில் மதிப்பெண்ணைக் கூட்டுகிறது என்று பெரிய அளவில் ஒப்பிட்டுச் சோதிப்பது. ஐரோப்பியத் திட்டங்களில் அரிதாகவே நடந்த வேலை அது. 'ஆசிரியர்களுக்குப் பிடித்திருந்தது' என்று கருத்துக்கணிப்பு சொன்னால், பல திட்டங்கள் அதோடு திருப்தி அடைந்துவிட்டன.

ஒன்றியத்தில் இன்று தொழில்நுட்பவழிக் கற்றல் என்ற பெயரில் பெரிய தனி ஆராய்ச்சித் தலைப்பு கிடையாது. ஹொரைசன் 2020இல் அது சில ஆண்டுகளின் சில தலைப்புகளாகச் சுருங்கியது. 2021இல் தொடங்கிய, 9,550 கோடி யூரோ கொண்ட 'ஹொரைசன் ஐரோப்பா'வில் சமூகம், பண்பாடு, செயற்கை நுண்ணறிவு ஆகிய தலைப்புகளுக்குள் கரைந்துவிட்டது. பலர் எராஸ்மஸ் பிளஸ் பக்கம் போனார்கள். அது மாணவர் பரிமாற்றத்துக்கான நிதி, சின்னச் சின்னக் கூட்டுத் திட்டங்களுக்கும் பணம் தரும், அடிப்படை ஆராய்ச்சிக்கு ஏற்றதல்ல. பெரும்பணம் கொரோனாவுக்குப் பிந்தைய மீட்பு நிதியில் வந்தது. இத்தாலி அதிலிருந்து 210 கோடி யூரோவை எடுத்து ஒரு லட்சம் வகுப்பறைகளை நவீனமாக்கக் கிளம்பியது. அதில் ஆராய்ச்சிக்கு எவ்வளவு இடம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எதிர்த் திசையிலும் காற்று வீசுகிறது: 2023இல் ஸ்வீடன் அரசு, திரை போதும், அச்சுப் புத்தகம் வாங்குங்கள் என்று பள்ளிகளுக்கு அந்த ஓராண்டுக்கே 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது.

பணத்தைவிட இப்போது விதிகளுக்குத்தான் வலு அதிகம். 2016 முதல் 2018 வரை ஹொரைசன் 2020 நிதியில் 'மாதிசிஸ்' என்றொரு திட்டம் நடந்தது. மாணவரின் முகபாவம், பார்வை, குரல், அசைவு ஆகியவற்றைக் கருவிகள் கவனிக்கும். அவருக்குச் சலிப்பா, எரிச்சலா, ஈடுபாடா என்று கணித்து, அதற்கேற்ப அடுத்த பயிற்சியை மாற்றிக் கொடுக்கும். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கும் இது உதவும் என்று எதிர்பார்த்தார்கள். 2024இல் அதே ஒன்றியம் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முகம், குரல் போன்ற உடல் அடையாளங்களிலிருந்து கல்வி நிலையங்களில் ஒருவரின் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகள், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை செய்யப்பட்டுவிட்டன. பார்சிலோனாவின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்திய 'டெஸ்லா' திட்டம், இணையத் தேர்வு எழுதுவது அதே மாணவர்தானா என்று தட்டச்சுப் பழக்கம், முகம், குரலை வைத்து உறுதிசெய்யப் பார்த்தது. தேர்வில் மாணவரைக் கண்காணிக்கும் செயற்கை நுண்ணறிவை அதே சட்டம் அதிக ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது.

இதை முரண்பாடு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுப்பணத்தில், ஆய்வு நெறிமுறைக் குழுவின் பார்வையில், திறந்த முறையில் இவற்றைச் செய்து பார்த்தவர்கள் இருந்ததால்தான் எது முடியும், எது எல்லை மீறும் என்ற பேச்சுக்கு ஐரோப்பாவில் ஆட்கள் இருந்தார்கள். வகுப்பறைக்குள் கருவியோடு நுழைய முடியாத ஒன்றியம், சந்தையின் விதிகளை எழுதும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு நுழைந்திருக்கிறது. இதுவும் கல்விச் சட்டமல்ல, சந்தைச் சட்டம்தான்.

2025 ஜூலையில் ஆணையம் அடுத்த ஏழாண்டு பட்ஜெட்டுக்கான முன்மொழிவை வைத்தது. 2028 முதல் 2034 வரை ஹொரைசனுக்கு 17,500 கோடி யூரோ, எராஸ்மஸ் பிளஸுக்கு 4,080 கோடி யூரோ என்று கேட்டிருக்கிறது. நாடுகளின் பேரத்துக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சுமோ தெரியாது. ஆய்வாளர்கள் அதற்கு இப்போதே தலைப்பு யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் கவனிப்பது நெதர்லாந்தின் நைமேகனை. அங்கே ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சுற்றி, அந்நாட்டு வளர்ச்சி நிதியில், 'நோலாய்' என்ற கல்விக்கான செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் 2022இல் தொடங்கியது. முதலில் பள்ளி தன் பிரச்சினையைச் சொல்கிறது, பிறகுதான் ஆய்வாளரும் நிறுவனமும் சேர்கிறார்கள். பணம் மூன்று ஆண்டுக்கல்ல, பத்து ஆண்டுக்கு. கல்வியில் முழு அதிகாரம் உள்ள ஒரு நாட்டரசு, தன் சொந்தப் பணத்தில், முன்வாசல் வழியாகவே போகிறது.